மஞ்சளில் தோய்த்த வெள்ளைச் சட்டை

பாரிசின் லா சப்பலில் நாங்கள் குடியிருந்த ஐந்தாம் மாடி அறையில் எவருக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கீழே போகிற ரயில்கள் சன்னற் கண்ணாடியை நடுங்க வைக்கும். அம்மா ஒபர்வில்லியேத் தையற்பட்டறையிலிருந்து மூட்டையாய்க் கொண்டுவந்த சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தவாறே அடுப்பையும் பார்ப்பார். அவருடைய தங்கையாகிய சின்னம்மா ஊசியில் நூலைக் கோத்துவிட்டுத் தைக்க மறந்து சன்னலுக்குப் போவார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய கணவர், என் சித்தப்பாவிடமிருந்து நான்கு மாதங்களாகக் கடிதம் இல்லை. எனக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் மறைப்பவை யாவும் எனக்குத் தெரியும் என்று நான் உறுதியாக நம்பிய வயது.

சின்னம்மாவுக்கு ஒரேயொரு போக்கிடம் இருந்தது. ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் யப்பானிய அம்மையார் ஒருவர் தையற்பள்ளி நடத்தினார். மதாம் என்றே அவரை அழைத்தோம். தம் நகரத்தில் மேனாட்டு உடைகளைக் காகிதத்தில் வரைந்து வெட்டக் கற்பித்த முதற் பெண்மணி அவர். போரில் பள்ளி எரிந்தபோது சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு அதே இடத்தில் மறுபடியும் தொடங்கினாராம். பின்னர் பாரிசுக்கு வந்து தம் பெயரிலேயே உடைகள் வடிவமைத்தாராம். எழுபதைக் கடந்த அவருடைய கழுத்திலிருந்து அளவுநாடா இறங்கி நான் கண்டதில்லை. எங்கள் கட்டடத்துத் தபாற்பெட்டியில் வேறொருவர் பெயர் இருந்தபடியால், சின்னம்மாவின் கடிதங்களுக்கும் மதாமின் விலாசமே கொடுக்கப்பட்டிருந்தது.

நம்மவர் பழைய சட்டையொன்றைத் துணிமேல் விரித்து, அதைப் பார்த்தே வெட்டிவிடுவர். மதாமிடம் அது செல்லாது. உடம்பை அளந்து காகிதத்தில் வரைய வேண்டும்; மலிவான வெள்ளைப் பருத்தியில் முழு உடுப்பையும் தைத்து, தைத்தவளே அணிந்து காட்ட வேண்டும்; அதன் பின்னரே நல்ல துணியில் கத்தரிக்கோல் படலாம். அந்த வெள்ளை மேற்சட்டை தேறினால் சின்னம்மாவுக்குத் தம் தையற்கூடத்தில் வேலை என்று மதாம் சொல்லியிருந்தார். கொந்த்ரா எனப்படும் வேலை ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் சின்னம்மாவின் வதிவிட அட்டை புதுப்பிக்கப்படும்.

தேர்வுக்கு முதல் நாள் அவர் அதை அணிந்து கண்ணாடி முன் நின்றபோது, அம்மாவின் கையிலிருந்த பொத்தான்கள் தரையெங்கும் சிதறின.

"உந்தச் சட்டையைக் கழட்டடி! மனுசன்ரை கடிதத்தைக் காணேல்லை, இஞ்சை நீ வெள்ளையைப் போட்டுக்கொண்டு நிக்கிறாய்!"

"இது உடுப்பில்லை அக்கா, அளவு."

"அளவெண்டாலும் வெள்ளை வெள்ளைதான்."

மறுநாள் புதன்கிழமை, பள்ளி இல்லை. அம்மா பட்டறைக்கும், சின்னம்மா அட்டை விடயமாக வரிசையில் நிற்கவும் போயிருந்தார்கள். புத்தாடையின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். ஒரு பொட்டு மஞ்சளே நன்மை தருமாயின், முழுச் சட்டையும் தோய்ந்தால் சித்தப்பா எத்துணைப் பத்திரமாயிருப்பார் என்று சிந்தித்தேன். சோற்றுப் பானையில் மஞ்சளைக் கொதிக்க வைத்துச் சட்டையை அமிழ்த்தினேன். சூடேற்றியின் மேல் உலர்த்தி, இஸ்திரி போட்டு, பத்திரிகைத் தாளில் சுற்றிச் சின்னம்மாவின் பைக்குள் வைத்தேன். அவர் மூச்சிரைக்க வந்தார். பையை ஒரு கையிலும் என்னை மறுகையிலும் பிடித்துக்கொண்டு மதாமின் பள்ளிக்கு ஓடினார்.

பொதியைப் பிரித்ததும் சின்னம்மா மஞ்சட் சட்டையை ஒருமுறை உதறினார். அணிந்தார். சட்டைக் கைகள் இரண்டும் மணிக்கட்டுக்கு இரண்டு விரற்கடை மேலேயே நின்றுவிட்டன. துணி சுருங்கும் என்பதை எனக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை.

யார் செய்தது என்று மதாம் கேட்டார். "நான்தான்" என்றார் சின்னம்மா. மதாம் என்னருகே வந்து, என் விரல்களை முகர்ந்து பார்த்து, கையைப் பழையபடி என் சட்டைப்பைக்குள்ளேயே வைத்தார். பின் மஞ்சட் சட்டையின் ஒவ்வொரு பாகத்தின் மேலும் சின்னம்மா வரைந்த காகிதத்தை வைத்து நெடுநேரம் அளந்தார். எல்லாப் பாகங்களும் நீளத்தில் ஒரே விகிதமாகக் குறைந்திருந்தன. "துணிதான் சுருங்கியது, உன் வெட்டு அல்ல" என்று அரைகுறைப் பிரெஞ்சில் கூறி, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்.

சின்னம்மா மஞ்சட் சட்டைக் கையில் முகத்தைப் புதைத்து அழுதார். மதாம் ஆறுதல் சொல்லாமல் அவருடைய முழங்கையைப் பிடித்தபடி நின்றார். வேலை கிடைத்த மகிழ்ச்சி என்று நான் கருதினேன்.

அன்று மாலையே என்னைப் புறநகரான கூசேன்வில்லில் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். எதிர்பாராத விடுமுறை என்று அதற்கும் மகிழ்ந்தேன். கடிதம் பதினொரு நாட்களுக்கு முன்பே மதாமின் விலாசத்துக்கு வந்திருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். ஊரில் எறிகணை விழுந்து சித்தப்பா இறந்திருந்தார். வீட்டில் சொல்லியிருந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு; சின்னம்மா வாசலைத் தாண்டியிருக்க முடியாது, தேர்வும் போயிருக்கும். ஆகவே சின்னம்மாவைத் தவிர அதை அறிந்தவர் மதாம் ஒருவரே. சாம்பலைக் கூட்டிய பின் அவரிடம் முதலில் வந்து சேர்ந்த மாணவிகள் அனைவரும் போரில் கணவரை இழந்தவர்கள் என்று சின்னம்மா பல ஆண்டுகள் கழித்தே எனக்குச் சொன்னார்.

அன்று தேர்வு முடிந்து வீடு திரும்பும்போது அவர் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. நான் முன்னே ஓடி, மெத்ரோப் பாலத்தின் அடியில் திரும்பி நின்றேன். மஞ்சள் உடுத்தி வருகிற சின்னம்மாவைக் கண்டு, சித்தப்பா இனிப் பத்திரம் என்று நிம்மதியடைந்தேன். அவரும் என்னைப் பார்த்து, இரண்டு விரற்கடை குறைந்த அந்தக் கையை உயர்த்தி அசைத்தார்.