தோற்காதவன் மேல் ஒரு சந்தேகம்

தோல்வியே காணாதவன் என்று யாரையாவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். தொழில் அப்படி. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஈரம் சொட்டும் போனை மேசையில் வைத்துவிட்டு, "தண்ணியே படலைங்க, சும்மா ஆஃப் ஆகிருச்சு" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறவர்களோடுதான் பகல் முழுக்கப் போகிறது. எல்லோரையும் நம்பினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அப்பாவுக்கு இந்த நோய் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் டிவியில் குத்துச்சண்டை ஓடினால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். இந்தக் காலத்துக் குத்துச்சண்டைக்காரன் ஒருவன் ஒரு சண்டையில்கூடத் தோற்காமல் ஓய்வு பெற்றான். எல்லாக் காலத்துக்கும் அவன்தான் முதல் ஆள் என்பது அப்பாவின் கட்சி. தோற்றுப்போய், பட்டத்தைப் பறிகொடுத்து, திரும்பி வந்து அதைப் பிடுங்கிய பழைய ஆள்தான் பெரியவன் என்பது என் கட்சி. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அப்பாவும் நானும் கத்துவோம். தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள்.

"அடி வாங்காம அடிக்கிறதுதான்டா குத்துச்சண்டை. வாங்கிக் கட்டிக்கிறதுக்குப் பேரு வேற" என்பார் அப்பா.

"எதிராளி நல்லா இருக்கிறப்ப இவன் ஏன் மோதல? அந்த ஆளுக்கு வயசாகி, கால் தளந்த பொறகுதானே கையெழுத்துப் போட்டான்? விழுந்து எழும்பாதவன எப்படிப்பா பெரிய ஆளுன்னு சொல்றது?" என்பேன் நான். பிறகு அடுத்த லயத்துக்குக் கேட்கிற மாதிரி சத்தம் கிளம்பும்.

இதற்கு நடுவில்தான் தங்கச்சிக்கு ஒரு வரன் வந்தது. லுணுகலையில் மருந்துக் கடையில் வேலை. அமைதியான ஆள், குடி கிடையாது, யாரோடும் ஒரு வார்த்தை கூடக்குறையப் பேசியதில்லை என்று விசாரித்த இடமெல்லாம் ஒரே பாட்டு. அதுவே எனக்கு உறுத்தியது. நான் சரி என்று சொல்லாமல் அப்பா பரிசம் போட மாட்டார். என் ஒரு சொல்லை நம்பித்தான் அந்தக் கல்யாணமே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். "நீங்க சொல்லுங்க தம்பி, யாரு பெரிய ஆளு?"

"மாமா சொல்றதுதான் சரி. ஒரு தடவகூட தோக்காம இருக்கிறது லேசுப்பட்ட காரியமா?"

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அவரைப் பஸ் ஏற்றிவிடப் போகும்போது, தேயிலைக்கு நடுவே இறங்குகிற பாதையில் என் கட்சியை எடுத்துச் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"நீங்க சொல்றதும் நியாயம் மச்சான். அடிபட்டு எழும்பி வந்தவருக்கு இருக்கிற பெருமை வேற யாருக்கு இருக்கு?"

பரிசமே போடவில்லை, அதற்குள் மச்சான்! "அப்ப வீட்டுல வேற மாதிரி சொன்னீங்களே?" என்று பிடித்தேன். ஆள் கூச்சத்தோடு சிரித்தார். "பெரியவங்க மனசு நோகக்கூடாதுல்ல."

பஸ் போன பிறகு எனக்குள் கொதித்தது. அங்கே ஒரு பேச்சு, இங்கே ஒரு பேச்சு. நாளைக்குத் தங்கச்சியிடம் என்ன பேச்சு, வெளியே என்ன பேச்சு என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்வதற்கு முன் தங்கச்சியிடம் சொல்லிவிடலாம் என்று குசினிக்குப் போனேன்.

"இந்த ஆளு வேணாம். ரெண்டு நாக்கு" என்று நடந்ததை ஒப்பித்தேன்.

அவள் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அண்ணே, நீயும் அப்பாவும் கத்துறப்ப நான் யாரு பக்கம்?"

"என் பக்கம்தான். எத்தனை தடவ நீயே சொல்லிருக்க."

"அப்பாகிட்டப் போய்க் கேளு. அவரு பக்கம்னு சொல்வாரு. அவருகிட்டயும் அத்தனை தடவ சொல்லிருக்கேன்." அடுத்த கிளாஸை எடுத்தாள். "இல்லாட்டி இந்த வீட்டுல யாரும் சாப்பிட மாட்டீங்களே."

எனக்குச் சுருக்கென்றது. அப்போதும் என் புத்தி போகுமா? "இதெல்லாம் அவரு சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டேன்.

"அவரு சொல்லல, கேட்டாரு. போன்ல பேசுறப்ப, நான் யாரு பக்கம்னு என்கிட்டக் கேட்டாரு. நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள்கூட கேட்டதில்ல."

"நீ என்ன சொன்ன?"

"அத அவருகிட்டச் சொல்லிட்டேன்" என்று கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள். ஊரில் இருக்கிற பொய்யை எல்லாம் மோப்பம் பிடிக்கிறவன் என்று நான் திரிந்துகொண்டிருந்தேன். கூடவே வளர்ந்தவள் இத்தனை காலமாகச் சண்டையைத் தணிக்கச் சொல்லிவந்த பொய் என் மூக்கில் ஏறவே இல்லை. வெட்கமாக இருந்தது. அந்த ஆள் மேல் சந்தேகம் முழுக்கப் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "என்னடா, ஆளு எப்படி? நாள் பாக்கவா, வேணாமா?"

"அவகிட்டக் கேளுங்கப்பா" என்றேன்.

அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா?"

எப்போதும் அப்பா முகத்தை ஒரு தடவை, என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அவள் வாயைத் திறப்பாள். அன்றைக்கு இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

"எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.