காப்பை அறுத்தது அக்கா அல்ல

கோகுலன் அத்தானின் செய்தி வந்தபோது அம்மா முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். கை ஈரமென்று தொலைபேசியை நான்தான் அவர் காதில் பிடித்தேன். கொழும்பிலிருந்து மாமா பேசினார். "தங்கச்சி, சண்டையில அவன்தான் வெண்டவன்" என்றார் முதலில். அம்மா சிரித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும் அங்கே உயிர் போனதையும் அதன் பிறகுதான் சொன்னார். அக்கா கிணற்றடியில் இருந்தாள். அவளிடம் யார் சொல்வது என்று அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

சித்தாண்டியில் அத்தானோடு வயல் வட்டைக்குள் ஓடி விளையாடியவர்களுக்கும், கம்பஸில் அவரோடு புவியியல் படித்தவர்களுக்கும், செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்று அவரோடு பிளேன்டீ குடித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அம்மனுக்குக் கட்டிய காப்பை அக்கா அறுத்தாள், அதனால் அம்மன் அவரை எடுத்துவிட்டாள் என்ற கதை உங்களுக்கும் வந்திருக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சாவுத் துடக்குக் கழிந்ததும் அக்கா கோயிலை முழங்காலில் சுற்றி, "என்ட கையாலதான் அவர் போனார்" என்று ஊர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். மாமா சம்மதித்துவிட்டார். அக்காவின் வயிற்றில் பிள்ளை இருக்கிறது. நாளைக்கு அந்தப் பிள்ளையும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர வேண்டும்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி அத்தான் கல்யாணம் முடித்து அக்காவின் வீட்டுக்கு வந்தார். பட்டம் வாங்கியும் அரசாங்க வேலை நியமனம் வரவில்லை. பெண்சாதி வீட்டுச் சோறு என்று சந்தியில் பேசினார்கள். கம்பஸில் குத்துச்சண்டை போட்டவர் என்று தெரிந்ததும் அம்மாவின் அண்ணனான மாமா பின்வளவு மாமரத்தில் மணல் மூட்டை கட்டிக் கொடுத்தார். காசுக்குச் சண்டை போடும் இடங்களைத் தேடிப் பிடித்ததும் அவர்தான். அத்தான் மேல் மாமாவுக்குப் பாசம் இல்லையென்று சொல்ல மாட்டேன். நல்ல மீன் துண்டை அவர் தட்டில்தான் போடுவார்.

காசுக்கு ஏறிய முதல் மேடை மட்டக்களப்பு நகரத்திலே ஒரு மண்டபத்தில். எங்களையும் கூட்டிப்போனார்கள். எதிராளி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், கழுத்தே இல்லாதவன். அத்தான் மெலிந்த உடம்போடு ஏறியதும் பின்வரிசையில் ஒருவர், "சேர், டியூசன் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. முதல் சுற்றில் அத்தானின் மூக்கு உடைந்தது. இரத்தம் வாய்க்குள் போக, அதை விழுங்கிக்கொண்டே சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் அந்த மனிதன் கோபப்பட்டு வலக்கையை நீளமாக வீசினான். அதற்குள் புகுந்து அத்தான் கொடுத்த குத்தில் அவன் முகம் திரும்பிய விதத்தைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவன் கயிற்றில் தொங்கினான், அத்தான் இன்னும் குத்திக்கொண்டிருந்தார். நடுவர் இடுப்பைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு ஒருவரும் டியூசன் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூக்கில் பஞ்சோடு எனக்கு அந்தக் குத்தை வரைபடமாகக் கீறிக் காட்டினார். "கோபம் வந்தா கை நீளும், புள்ள. கை நீண்டா நாடி திறக்கும்" என்றார், தன் முகவாயைத் தொட்டுக் காட்டி.

அடுத்த சண்டை நீர்கொழும்பில். அங்கே ஒருவனுடைய தாடையை உடைத்தார். ஊரில் பட்டாசு கொளுத்தினார்கள். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "எலும்பு முறியிற சத்தம் காதுக்குக் கேக்கல்ல. கைக்குள்ளதான் கேட்டுச்சு" என்று அக்காவிடம் சொன்னார். அந்த மனிதன் இருந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்து, அவன் தாயோடு தெரிந்த சிங்களத்தில் பேசினார். அந்தத் தாய் ஏசியதை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தார்.

மூன்றாவது சண்டையில் வென்றால் அடுத்த மேடை டுபாயில் என்று மாமா சொன்னார். அதற்காகப் பழகும்போதுதான் அடி விழுந்தது. மாமா கூட்டிவந்த பெரிய உடம்புக்காரன் ஒருவன் மாமரத்தடியில் அவரோடு மோதினான். அத்தான் மரம் சாய்வதுபோலச் சாய்ந்தார். எழும்பி வாந்தியெடுத்தார். என்னை அக்காவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவரைத் தாங்கிப் பிடிக்க மாமா என்னையும் ஏற்றினார். வைத்தியர் மாமாவைப் பார்த்து, தலையில் இன்னொரு அடி விழக்கூடாது, சண்டையை நினைக்கவே வேண்டாம் என்று சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். திரும்பி வரும்போது மாமா என் தோளை இறுக்கி, "இது வெளிய வந்தா உனக்குப் பல்லு இருக்காது" என்றார். என் தோளில் அவருடைய விரல்கள் நீலமாகக் கிடந்தன.

அன்றைக்கே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அக்கா அழுது மன்றாடினாள், அத்தான் கேட்கவில்லை. "இது ஒண்டுதான். இதுக்கு மறுகா நிறுத்துறன்" என்றார். அப்போதுதான் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

அம்மன் கோயில் திருவிழா நெருங்கியிருந்தது. தீ மிதிக்க நேர்கிறவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டுவார்கள். பூசாரி அதை அவிழ்க்கும் வரை ஒருவேளைச் சாப்பாடு, ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது. சண்டை நாள் தீமிதிப்புக்கும் காப்பு அவிழ்ப்பதற்கும் நடுவில் விழுந்தது. வயிற்றுப் பிள்ளைக்காக நேர்த்தி வைத்ததாகச் சொல்லி அக்கா அத்தானைக் காப்புக் கட்டவைத்தாள். மாமாவால் உடைக்க முடியாத ஒரு கதவு அதுதான் என்று நினைத்தாள். காப்பு, அவரைப் போகவிடாமல் வைக்க அக்கா கட்டிவைத்தது. இதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாமா முதலில் சத்தம் போட்டார். பிறகு விரதத்தில் அத்தான் உலர்வதைப் பார்த்துச் சாந்தமானார். சண்டைக்கு உடம்பு நிறையைக் குறைக்க வேண்டியிருந்தது. "அம்மனே நிறையைக் குறைச்சுத் தாறா" என்றார். அந்த விரதம் அத்தானின் உடம்பை வற்ற வைத்தது உண்மை. அதை மறைக்க மாட்டேன். அக்காவும் அதை நினைத்தே சாகிறாள். தீயை அவர் ஓடாமல் நடந்து கடந்தார். உதடு வெடித்து இரத்தம் கசிந்திருந்தது.

மறுநாள் விடிய, கொழும்புக்குப் போக வான் வண்டி வந்தது. நூல் கட்டிய கையோடு மேடை ஏறவிட மாட்டார்கள் என்று மாமா சொன்னார். அக்கா வாசலை மறித்து நின்றாள். மாமா அவளை அறைந்தார். அவள் கதவு நிலையில் மோதி விழுந்தாள். இரண்டாவது அறைக்கு ஓங்கிய கையை அத்தான் பிடித்தார். மாமா முழங்காலில் இறங்கும்வரை விடவில்லை. அத்தோடு அத்தான் போகாமல் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் மாமா அழத் தொடங்கினார். சண்டைக்காக வயலை ஈடு வைத்ததையும் அத்தான் வருவாரென்று பொறுப்பு எடுத்ததையும் சொல்லி அழுதார். அத்தான் பிடியை விட்டார்.

"நூலை நான் தொட மாட்டன். பெண்சாதி அறுக்கட்டும், பழி எனக்கு வேணாம்" என்றார் மாமா. அக்கா கையைப் பின்னால் மறைத்தாள். மாமா அதை முறுக்கி எடுத்து, விரல்களுக்குள் கத்தரிக்கோலைத் திணித்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினார். அக்காவின் சுண்டுவிரல் இன்னும் நேராகவில்லை, பார்க்க விரும்புகிறவர்கள் பாருங்கள். அத்தான் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் நீட்டினார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

சண்டையை யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். முழுவதும் பார்த்தேன். முதல் சுற்றுகளில் அத்தான் எதிராளியின் புருவத்தைக் கிழித்தார், நடுவரின் சட்டையெல்லாம் இரத்தம். பிறகு காதுக்குப் பின்னால் ஒரு குத்து வாங்கினார். மணி அடித்ததும் எதிராளியின் முக்காலியில் போய் உட்காரப் பார்த்தார். மாமா இழுத்து வந்து தலையில் தண்ணீர் ஊற்றினார். அத்தான் அவரைப் பார்த்து, "மாமா, நிறை பார்த்தாச்சா?" என்று கேட்டார். மாமா கன்னத்தில் தட்டி, "கடைசிச் சுத்து மனே. நிண்டாப் போதும்" என்றார்.

அவர் நின்றார். கைகள் தொடையருகே தொங்கின. முகத்தில் விழுந்த ஒவ்வொரு குத்துக்கும் தலை மட்டும் ஆடியது. ஒரு கட்டத்தில் எதிராளியே கையை நிறுத்தி நடுவரைப் பார்த்தான். நடுவர் சண்டையை நிறுத்தவில்லை. மணி அடித்தது. புள்ளிகளில் அத்தான் வென்றதாகச் சொல்லிக் கையை உயர்த்தினார்கள். நடுவர் பிடித்த கை மேலே இருக்க, உடம்பு கீழே இறங்கியது.

அவரைத் தெரிந்தவர்களே, அந்தியேட்டிக்கு வருவீர்கள். அக்காவைக் கோயிலுக்கு அழைத்துப்போக விடாதீர்கள். வைத்தியர் சொன்னதை மாமாவிடம் கேளுங்கள். இல்லை என்பார். நான் பக்கத்தில் நின்றேன் என்று சொல்லுங்கள்.

மேடை ஏறும்போது பயமில்லையா என்று ஒருநாள் அத்தானிடம் கேட்டேன். "பயந்தான் என்ட கையை நாடிக்கு மேல தூக்கி வச்சிருக்கு, புள்ள. பயம் போனா கை இறங்கிடும்" என்றார். கடைசிச் சுற்றில் அவருக்குப் பயம் இருக்கவில்லை. தான் எங்கே நிற்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது அந்தப் பயம்தான். விறாந்தையில் மாமா இருமுகிறார். எழுதுகிற என் கை இறங்கவில்லை.