கட்டிலின் வெள்ளைப் பெயிண்ட்

"அப்பா, மெஷின் என்ன சொல்லுது?" போனில் மகள் கேட்டாள்.

"கந்தகம்னு சொல்லுது."

"அது விஷமா?"

"இல்லம்மா."

"அப்பாடா! அப்போ கட்டிலைத் திரும்ப உள்ளே போட்டுடவா?"

"வேண்டாம். மெஷின்தானே சொல்லியிருக்கு. நான் இன்னும் சொல்லலையே."

"நீங்க என்னைக்குத்தான் சட்டுனு சொல்லியிருக்கீங்க!"

அவர் போனை வைத்துவிட்டு மறுபடியும் கையுறையை மாட்டிக்கொண்டார். நான்கே பல் முளைத்த பேரன் அந்தக் கட்டிலின் மேல்சட்டத்தை மரம் தெரியும்வரை கடித்திருந்தான். பரணில் கிடந்த பழைய டப்பாவைத் திறந்து, இரண்டு பூச்சு வெள்ளை அடித்துக் கொடுத்தது இவர்தான்.

இருபத்திரண்டு வருடமாக எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் அவர் வேலை. எலக்ட்ரான்கள் பொருளைத் தாக்கும்போது அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும்; திரையில் முகடு முகடாக எழும். மாதிரியை யாராவது வெறுங்கையால் தொட்டால் போதும். "உங்க வேர்வை உப்பையும் அறிக்கையில சேர்த்துடவா?" என்பார். ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் 'இன்னொரு தடவை'. வீட்டில் கதவைப் பூட்டிவிட்டு மூன்றாவது முறை இழுத்துப் பார்க்கும்போது மனைவி சொல்வாள்: "பூட்டுக்கே வெட்கமா இருக்கு, வாங்க."

பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம்; குழந்தைக்கு அது விஷம். கந்தகத்தின் முகடும் ஈயத்தின் முகடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் எழும். "ஒரே வாசல்ல ரெண்டு பேர் நிக்கிறாங்க. இந்த மெஷின் கண்ணுல பட்டவன் பேரைச் சொல்லிட்டுப் போயிடுது" என்று திரையைத் தட்டினார். பெயிண்ட்டில் மின்சாரம் பாயாது என்பதால் மேலே மெல்லிய கரிப்பூச்சு கொடுத்திருந்தார். தங்கப்பூச்சு என்றால் தங்கமும் பக்கத்திலேயே வந்து இடிக்கும். ஈயத்துக்கு மட்டும் வலக்கோடியில் இன்னொரு முகடு உண்டு. அதை எழுப்ப எலக்ட்ரான்களை இன்னும் வேகமாக விரட்ட வேண்டும். மின்னழுத்தத்தை இரண்டு மடங்கு ஏற்றினார்.

ஏற்றியவர் பொத்தானை அழுத்தவில்லை. அடுத்த மேசையில், முடிவுகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிக்கையாக எழுதும் பெண் இருந்தாள். அவளைக் கூப்பிட்டார். தட்டில் ஒரே மாதிரி மூன்று உலோக வட்டுகள். ஒன்றில் கட்டிலின் செதில். மற்ற இரண்டில் ஆய்வகக் கதவிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் சுரண்டிய வெள்ளை. எண்கள் அடிப்பக்கத்தில் இருந்தன.

"எந்த இடத்தைப் பார்க்கணும், எவ்வளவு நேரம் பார்க்கணும்னு முடிவு பண்றது என் கை. பிடிச்ச பதில் வந்தா அது சீக்கிரம் நின்னுடும்" என்றார்.

அவள் ஒரு ஜோடி கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"மூணையும் இடம் மாத்தி வைம்மா. எது எங்க வீட்டுதுன்னு, நான் முடிக்கிற வரைக்கும் எங்கிட்ட சொல்லிடாதே. கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.