பூனைக்கு ஒரு கிண்ணம்

ஹிரோசாகி ஊரில், கோட்டை அகழியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஃபுகுஷி வீட்டில் நான்கு தலைமுறையாகப் பூனை கிடையாது. அந்த வட்டாரத்து எலிகள் வழிவழியாக நன்றி பாராட்ட வேண்டிய குடும்பம். பூனை மீது அவர்களுக்கு வெறுப்பு இல்லை. பூனை முடி மீதுதான் பயம். அது கிண்ணங்களுக்கும் தட்டுகளுக்கும் அரக்குப் பூசும் வீடு. ஈரப் பூச்சில் ஒரு முடி விழுந்தால் ஒரு வார வேலை போச்சு. அதனால் கம்பளிச் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். வழுக்கைத் தலை விருந்தாளிகளுக்குத் தனி மரியாதை உண்டு.

இசாமு அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. தலை முக்கால் வழுக்கை. மாமனாருக்கு அவரிடம் பிடித்த ஒரே அம்சம் அதுதான்.

இசாமு பேருந்து ஓட்டுநர். ரயில் நிலையத்திலிருந்து இவாகி மலையடிவாரத்து வெந்நீர் ஊற்று வரை போகும் வண்டியை இருபத்திரண்டு வருடமாக ஓட்டிவந்தார். அந்த அரக்கு வீட்டுப் பெண் மிசாவோ வாரம் ஒருமுறை மடியில் ஒரு துணி மூட்டையோடு ஏறுவாள். மேலே வைக்கச் சொன்னால் வைக்க மாட்டாள். கிண்ணம் உடைந்துவிடுமே என்று இசாமு வளைவுகளில் வண்டியைப் படகு மாதிரி விட ஆரம்பித்தார். டிரைவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று ஆப்பிள் கூடைக்காரிகள் விசாரித்தார்கள். இப்படியே மூன்று வருடம் ஓடியது. பிறகு ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் மிசாவோ இறங்காமல் நின்றாள்.

"டிரைவர், என் மூட்டைக்காக இவ்வளவு பாத்து ஓட்டுறீங்களே, உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"கிண்ணம்தானே?"

"மூணு மாசமா வெறும் சோத்துப் பொட்டலம்."

அதற்கு மேல் ஒரு ஓட்டுநருக்கு எந்த வழிகாட்டிப் பலகையும் எழுதி மாட்ட வேண்டியதில்லை. அக்டோபரில், ஆப்பிள் பறிப்பு முடிவதற்குள், கல்யாணம் முடிந்தது.

மிசாவோ ஒரே பெண். வீட்டுப் பெயர் அவளோடு நின்றுவிடக் கூடாது என்பதால் இசாமுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். ஃபுகுஷி என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். பேருந்தில் ஓட்டுநர் பெயர் எழுதிய தகடு மாறியது. பணிமனையில் சக ஓட்டுநர் மிகாமிக்கு ஒரு வருடக் கிண்டலுக்குப் போதுமான விஷயம் கிடைத்துவிட்டது. "புகுந்த வீட்ல நல்லா வச்சுக்கறாங்களாப்பா? மாமனார் ஏதாச்சும் சொன்னா அழாம எங்கிட்ட வந்து சொல்லு" என்று தினமும் காலையில் டீ ஊற்றிக் கொடுப்பார்.

மாமனார் டென்கிச்சி சொல்லாமல் இல்லை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டு ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு சூப் கிண்ணம். பிறந்த குழந்தையோ வந்த மருமகளோ, வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றே அவருக்கான மரக்கிண்ணத்தில் முதல் பூச்சு விழும். பூச்சுக்கு மேல் பூச்சாக ஏறி, தேய்பட்டு, மெருகேறி வர ஆறு மாதம் ஆகும். அதுவரை விருந்தாளிக் கிண்ணத்தில் சாப்பாடு. இசாமு வந்த அன்று டென்கிச்சி எந்தக் கிண்ணத்தையும் எடுக்கவில்லை. மகள் கேட்டதற்கு, கிண்ணம் முடிய ஆறு மாசம், இந்த ஆள் தாங்குறது ஆறு வாரம், மரத்தை எதுக்கு வீணாக்கணும் என்றாராம்.

கிழவருக்கு ஜோசியம் தெரியாது, அரக்கு தெரியும். இசாமு ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. மூன்றே நாள்.

உருஷி மரத்துப் பால்தான் அந்த ஊர் அரக்கு. நம் சேராங்கொட்டைக்குத் தூரத்துச் சொந்தம்; குணமும் அப்படியே. சிலருக்குத் தொட்டால் தடிக்கும், சிலருக்கு அது இருக்கும் வீட்டுக் காற்றே போதும். மூன்றாம் நாள் காலையில் இசாமுவின் முகம் ஆவியில் வேகவைத்த பன் மாதிரி எழுந்து உட்கார்ந்திருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு. கழுத்திலிருந்து கணுக்கால் வரை அரிப்பு. அடிச்சது மாமனாரா, பொண்டாட்டியா என்று மட்டும்தான் மிகாமி கேட்டார்.

வைத்தியம் வரிசையாக வந்தது. ஓடை நண்டை நசுக்கிச் சாறு பூச வேண்டும் என்றார் டென்கிச்சி. தானே நண்டும் வாங்கி வரச் சொன்னார். இஞ்சிதான் மருந்து என்றாள் ஊறுகாய்க் கடைக்காரி. சில நாள் இசாமு நண்டும் இஞ்சியும் மணக்க வண்டி ஓட்டினார். பயணிகளுக்கு வழியெல்லாம் பசியெடுத்தது. கடைசியில் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, இதைவிட நல்ல மருந்து தூரம்தான் என்று சொல்லி அனுப்பினார்.

ஆக, கல்யாணமான மூன்றாவது வாரத்தில் புதுமாப்பிள்ளை பணிமனையின் ஓய்வறைக்குக் குடிபோனார். தடிப்பு வடியும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவார், திங்கட்கிழமை மறுபடி பன். மிசாவோ பழையபடி பேருந்தில் ஏறி, இப்போது வாரம் மூன்று நாள், கடைசி நிறுத்தம் வரை போய், அதே வண்டியில் திரும்பினாள். மடியில் சோத்துப் பொட்டலம். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்து, முன்கண்ணாடி வழியே அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். காதலிக்கும்போது நடந்தது அப்படியே கல்யாணத்துக்குப் பிறகும் நடந்தது. ஊரில் பல தம்பதிகள் ஏங்குகிற நிலைமை இது. இவர்களுக்கு மட்டும் இனிக்கவில்லை.

"அப்பா என்ன சொல்றாரு?" என்று ஒருநாள் இசாமு கேட்டார்.

"சின்ன வயசுல தனக்கும் கொஞ்சம் தடிச்சுதுன்னு சொல்றாரு. அப்புறம் பழகிடுச்சாம்."

"எத்தனை நாள்ல?"

"அவருக்கு அப்போ அஞ்சு வயசு."

இசாமு கண்ணாடியிலிருந்து பார்வையை ரோட்டுக்குத் திருப்பினார். நாற்பத்தேழில் உடம்புக்குப் புதிதாக ஏதாவது பழகுமா என்பதுதான் இப்போது கேள்வி. பழகாவிட்டால் இரண்டே வழி. அவள் அரக்கை விட வேண்டும், அல்லது அவர் அவளை விட வேண்டும். முதலாவதைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. அவள் விரல் நகத்தடியில் அரக்கு இல்லாமல் அவர் அவளைப் பார்த்ததே இல்லை.

பிப்ரவரியில், கூரைப் பனியைத் தள்ளப் போன டென்கிச்சி பனியோடு சேர்ந்து தானும் வந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை. மிசாவோ இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தது. அந்தக் குளிரில் வீட்டை ஆளில்லாமல் விட்டால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும். எனவே இசாமு வந்து சமையலறையில் இருந்தால் போதும், குழாயைப் பார்த்துக்கொண்டால் போதும், பட்டறைப் பக்கம் போகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வீட்டில் முதல்முறையாக அவரை நம்பி ஒரு பொறுப்பு. இசாமு குழாய்களைக் குழந்தைகள் மாதிரி கவனித்தார். மணிக்கொரு தடவை தொட்டுப் பார்த்தார். அடுத்த நாள் காலை, பட்டறைக்குள்ளும் ஒரு குழாய் போகுமே என்று சந்தேகம் வந்தது. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு உள்ளே போனார். சுவரோரம் ஆளுயர மர அலமாரி. கதவிடுக்கில் ஈரம். திறந்தால் உள்ளே பலகையெல்லாம் சொதசொதவென்று நனைந்து, மூலையில் ஈரத்துணி, காற்றே பிசுபிசுவென்று இருக்கிறது. நடுவே முப்பது கிண்ணங்கள், மலையடிவார விடுதி ஒன்று மே மாதத்துக்குக் கேட்டிருந்தவை, பூச்சு இன்னும் காயாமல் பளபளவென்று உட்கார்ந்திருந்தன.

இருபத்திரண்டு வருடம் பேருந்துக் கண்ணாடியில் படியும் ஆவியோடு போராடிய மனிதர் வேறென்ன நினைப்பார்? குழாய் உடைந்துவிட்டது, மனைவியின் இரண்டு மாத உழைப்பு நனைகிறது. துணியால் பலகைகளை உலரத் துடைத்தார். கதவுகளை விரியத் திறந்தார். மண்ணெண்ணெய் அடுப்பை இழுத்து வந்து அலமாரிக்கு எதிரே வைத்து முழு வேகத்தில் எரியவிட்டார். மாலையில் காய்ந்துவிட்டதா என்று ஒரு கிண்ணத்தை விரலால் தொட்டார். ஒட்டியது. அது மட்டும்தானோ என்று அடுத்ததைத் தொட்டார். அதுவும் ஒட்டியது. ஏழாவதோடு நிறுத்திக்கொண்டார்; நிதானமான மனிதர்.

மறுநாள் திரும்பிய மிசாவோ, வாசலிலேயே மண்ணெண்ணெய் வாசனை பிடித்து நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"டிரைவர், இங்க அடுப்பை யாரு வச்சது?"

"நான்தான். குழாய் ஒடைஞ்சு உள்ள ஒரே தண்ணி. நல்லவேளை, நான் இருந்தேன்."

"அந்தத் தண்ணிய வச்சது நான்."

"எதுக்கு?"

"காயறதுக்கு."

செய்தி இசாமுவின் தலைக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அரக்கு ஈரக் காற்றைக் குடித்துத்தான் இறுகும். வறண்ட இடத்தில் வைத்தால் வருடக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். அந்த ஊரில் அரக்கு வீட்டுக் குழந்தைக்குக்கூட இது தெரியும். பேருந்து ஓட்டுநருக்கு யாரும் சொல்லவில்லை.

மிசாவோ கத்தவில்லை. ஏழு கிண்ணங்களையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, ஏழு ரேகைகளையும் பார்த்தாள். பலகைகளை மறுபடி நனைத்துக் கிண்ணங்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகுதான் பேசினாள்.

"இந்த வீட்ல இருக்க முடியலன்னா போங்க. நான் தடுக்கல. ஆனா போறதுக்கு முன்னாடி உங்க ரேகைய நீங்களே தேச்சு எடுத்துட்டுப் போங்க."

அன்றிரவு தொடங்கிய தடிப்பு அதுவரை வந்ததையெல்லாம் வெறும் கொசுக்கடியாக்கியது. விரல்கள் கிழங்காக வீங்கின. கண் இரண்டும் மூடிக்கொண்டன. கண் தெரியாத ஓட்டுநரை மலைப்பாதையில் விடப் பேருந்து நிறுவனத்துக்குத் தயக்கம் இருந்ததால் மூன்று வாரம் விடுப்பு கிடைத்தது. முதல் பத்து நாள் அவர் ஓய்வறையில் படுத்துக் கூரையைப் பார்க்க முயன்றார். பதினோராம் நாள், தோல் உரிந்து, கண் திறந்தது. ஃபுகுஷி வீட்டுக்கு நடந்தார்.

கிண்ணங்கள் கல்லாக இறுகியிருந்தன. மிசாவோ ஒரு சாணைக்கல்லும் வாளித் தண்ணீரும் கொடுத்தாள். அந்த வேலையின் முறையே அதுதான். புள்ளிபுள்ளியாக மேடு வைத்து, மேலே நிறம் நிறமாகப் பூசி மூடிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் தேய்த்துக் கரைத்தால் உள்ளே புதைந்த நிறங்கள் வெளியே வரும். பைத்தியக்காரப் பூச்சு என்று ஊரார் அதற்குச் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். ரேகை விழுந்த ஏழையும் சற்று ஆழமாகத் தேய்க்க வேண்டும். மற்ற இருபத்துமூன்றையும் அதே ஆழத்துக்கு. இல்லாவிட்டால் செட்டு ஒத்துப்போகாது.

இசாமு முதலில் கையுறை போட்டுத் தேய்த்தார். கல் எங்கே கடிக்கிறது என்று தெரியவில்லை, கழற்றினார். இனி தடித்தால் என்ன, தடிக்க உடம்பில் இடம் பாக்கியில்லை. தேய்த்தார். கறுப்புக்கு அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது. பிறகு பச்சை, மஞ்சள். மழை பெய்த ரோட்டில் கடைத்தெரு விளக்குகள் விழுந்து கிடப்பது போல. அது அவருக்கு நன்றாகத் தெரிந்த காட்சி. ஸ்டியரிங்கை ஒற்றை விரலில் திருப்பிப் பழகிய கை. அழுத்தாமல் விடுவது எப்படி என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, பக்கத்து அறையில் இடுப்புக் கட்டோடு படுத்திருந்தார் டென்கிச்சி. மூன்றாம் நாள் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"எவன்டா அது, விளிம்புல பிரேக் போடறது?"

"மாப்பிள்ளைதான் மாமா."

"அதான பாத்தேன்."

இசாமு விளிம்பில் கையை இளக்கினார். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து குறட்டை கேட்டது.

நான்காம் நாள் காலை மிசாவோ அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு இல்லை. கழுத்தில் இல்லை. இறுகிய அரக்கு பல் பிடுங்கிய பாம்பு; தேய்த்தால் ஒன்றும் செய்யாது. அது சரி. ஆனால் மறுபக்கத்துப் பட்டறை அலமாரியில் வேறு கிண்ணங்களின் ஈரப் பூச்சு காய்ந்துகொண்டுதான் இருந்தது, அந்தக் காற்றில்தான் அவர் நான்கு நாளாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இடது காதில் மட்டும் லேசாக அரித்தது. அவர் சமையலறையில் ஓர் இரவு தங்கிப் பார்த்தார். அடுத்த இரவும். காது மட்டும்தான். நண்டுச் சாறுதான் கேட்டது என்றார் டென்கிச்சி. இஞ்சி என்றாள் ஊறுகாய்க் கடைக்காரி. டாக்டர் களிம்பின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். விடுப்பு முடிந்து இசாமு வேலைக்குத் திரும்பினார். சாயங்காலம் வந்து தேய்த்தார். ஓய்வறையிலிருந்த படுக்கையை மட்டும் அவர் கொண்டுவரவில்லை. தன்னை யாரும் இரு என்று சொல்லவில்லையே என்று ஒரு கூச்சம்.

ஏப்ரல் கடைசியில், அகழியோரம் செர்ரி மொட்டு வெடிக்கும் வாரத்தில், முப்பது கிண்ணங்களும் மெருகேறி அவருடைய பேருந்திலேயே மலைக்குப் போயின. மிசாவோவின் மடியில் இந்தமுறை நிஜமாகவே கிண்ணம். விடுதிக்கார அம்மாள் ஒவ்வொன்றையும் விரலால் தடவி, அப்பாவோட கை திரும்பிடுச்சு போலிருக்கே என்றாளாம். அப்பா இன்னும் கோலூன்றித்தான் நடக்கிறார், இது எங்க வீட்டு ஆள் தேய்ச்சது என்று மிசாவோ சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் அதைக் குரலில் எந்த அழுத்தமும் இல்லாமல் சாப்பாட்டு மேசையில் ஒப்பித்தாள். டென்கிச்சி மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். இசாமு விருந்தாளிக் கிண்ணத்துக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை இசாமு வேலைக்குக் கிளம்பும்போது பட்டறையில் விளக்கு எரிந்தது. டென்கிச்சி கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தரையில் உட்கார முடியாததால் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் வெள்ளை மரக்கிண்ணம். தட்டைக் கரண்டியால் முதல் பூச்சைத் தடவிக்கொண்டிருந்தார். மிசாவோ கதவருகே நின்றாள்.

"யாருக்குப்பா அது?"

"பூனைக்கு" என்றார் கிழவர், திரும்பாமலே.

இசாமுவுக்குச் செருப்பு மாட்டக் கொஞ்சம் நேரமானது. இடது காது அரித்தது, சொறிந்துகொண்டார்.

பணிமனையில் அவர் ஓய்வறைப் படுக்கையைச் சுருட்டுவதைப் பார்த்த மிகாமி, டீக் குவளையோடு வாசலை மறித்து நின்றார்.

"என்ன, கடைசியில வீட்ல சேத்துக்கிட்டாங்களா?"

"ம்" என்றார் இசாமு. "பூனையா சேத்துக்கிட்டாங்க."