டைலரக்காவின் ரத்தத்துக்கு மட்டும் ஸ்ட்ரெஸ்

இடது கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது வலது கையால் பொத்தான் தைப்பது டைலரக்காவின் வழக்கம். சட்டையைத் தொடைக்கு அடியில் இறுக்கி வைத்துக்கொள்வார். நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். ஊசியில் நூல் கோக்க மட்டும் இரண்டு கை வேண்டும். அதற்கு நர்ஸ் அகப்படுவார். "என் கையில ஊசி குத்தினீங்கல்ல, இப்ப இந்த ஊசியில நூலக் கோத்துக் குடுங்க." மூன்று வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, ஜன்னலோரக் கட்டில், இரண்டு பை ரத்தம், ஏழெட்டுச் சட்டை. இதுதான் கணக்கு.

பிறவியிலேயே வந்த ரத்தசோகை. தலசீமியா என்று பெயர். வயது நாற்பத்தொன்று, உயரம் ஆறாம் வகுப்புப் பிள்ளை அளவு. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கடையில் பலகை மேல் நின்றுதான் துணி வெட்டுவார். புதிதாகச் செய்வதில்லை, சுருக்குவது, பிரிப்பது, குட்டையாக்குவது மட்டும். வெளிறிய முகத்தைப் பார்த்து ஆளாளுக்கு மருத்துவம் சொல்வார்கள். பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்ன ஒருவருக்கு அவர் சொன்ன பதில் இது: "எனக்கு இரும்புச்சத்து கொறைவில்ல சார், ஜாஸ்தி. ஏத்துற ரத்தத்தோட வந்து உள்ளயே தங்கிடுது. அத வெளியேத்தத்தான் தெனமும் மாத்திர. பழத்த நீங்களே சாப்பிடுங்க. இடுப்ப நான் பிரிச்சு விடுறேன்."

சென்ற வருடம் அந்த வார்டுக்கு ஓர் இளம் பெண் டாக்டர் ஆராய்ச்சிக்காக வந்தார். ரத்தம் ஏற்றுமுன் இரண்டு சின்னக் குழாய் ரத்தம் வேண்டும் என்றார். எதற்கு என்று டைலரக்கா கேட்டார்.

"உங்க சிவப்பணுவுக்குள்ள இரும்பு கட்டுக்கடங்காம சுத்துதுக்கா. ஆக்சிஜனோட சேர்ந்து அணுவோட சுவர அரிக்குது. தடுக்கிற சத்தும் தீந்துபோகுது. இதத்தான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு சொல்றோம்."

"ஸ்ட்ரெஸ்ஸா? எனக்கு அப்படி ஒண்ணும் இல்லயே டாக்டர்."

"உங்களுக்கு இல்லக்கா. ரத்தத்துக்கு."

டைலரக்கா கையை நீட்டினார். "அதுல பாதி அடுத்தவங்க ரத்தம். அவங்க வீட்டு டென்ஷனா இருக்கும்."

அன்றிலிருந்து கடையில் அவசரப்படுத்துகிறவர்களைச் சமாளிப்பது சுலபமாகிவிட்டது. "என் ரத்தமே ஸ்ட்ரெஸ்ல இருக்கு, நீங்க வேற" என்பார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருப்பதால் யாரும் மறுக்க முடியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்கள் முப்பது பேர் தேவை என்று டாக்டர் கவலைப்பட்டபோது, அந்தப் பொறுப்பையும் டைலரக்காவே இழுத்துப்போட்டுக்கொண்டார். இடுப்பளவு எடுக்கும்போது ஆள் அசைய முடியாது. அந்த நேரம் பார்த்துப் பேச்சை எடுப்பார். தபால்காரர், கணக்கு வாத்தியார், எதிர்க்கடைச் சாவிக்காரர் என்று இருபத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். முப்பதாவது இடத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். அது அவருடைய அண்ணனுக்கு.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஐம்பத்திரண்டு வயது, அகலமான தோள். "அப்பா பக்கமெல்லாம் கல்லு மாதிரி ஒடம்பு. தங்கச்சிக்கு வந்தது அம்மா பக்கத்துலேருந்து" என்பது அவருடைய நெடுநாளைய தீர்ப்பு. அம்மா அதை ஒருநாளும் மறுத்துப் பேசாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அண்ணன் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். பெண், மாப்பிள்ளை இருவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்று டைலரக்கா மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "நல்லா இருக்கிற பொண்ணுக்கு எதுக்கு டெஸ்ட்டு? பையன் வீட்டுல என்ன நெனப்பாங்க?" மூன்று முறையும் அதே பதில்.

நான்காவது முறை டைலரக்கா கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை. "ஆரோக்கியமான ஆளு ஒருத்தர் கொறையுதாம்ண்ணே. ஒடம்புன்னதும் எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் ஆஸ்பத்திரி லேபுக்கு வந்தார். டாக்டர் படிவத்தை வரி விடாமல் படித்துக்காட்டினார். குறை இருந்தால் தெரிவிப்போம் என்றும் சொன்னார். "இருந்தாத்தானே" என்று அண்ணன் கையெழுத்துப் போட்டார். ஊசி இறங்கியபோது அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கைத் தரையில் தேடி அழுத்தியது.

பத்து நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டனுப்பினார். "உங்கள ஆரோக்கியமானவங்க பட்டியல்ல சேக்க முடியல சார். உங்களுக்கு நோய் இல்ல. ஆனா உங்க தங்கச்சிக்கு இருக்கிற அந்தக் கொற உள்ள மரபணு ஒண்ணு உங்ககிட்டயும் இருக்கு. அப்படிப்பட்டவங்களுக்கும் தனிப் பட்டியல் இருக்கு. அதுல சேத்துக்கலாமா?"

அண்ணன் தீர்ப்பை மாற்றவில்லை. "அம்மாகிட்டேருந்து வந்திருக்கும்."

"உங்களுக்கு யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா உங்க தங்கச்சிக்கு ரெண்டு பேர்கிட்டேருந்தும் வந்திருக்கு. அம்மா, அப்பா ரெண்டு பேரும் குடுக்காம இது வராது சார்."

 மறுநாளே அண்ணன் மகளைக் கூட்டிவந்தார். அவளுக்கும் இருந்தது. இனி எல்லாம் மாப்பிள்ளையின் ரத்தத்தில் நின்றது. அவருக்கும் அதே குறை இருந்துவிட்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் டைலரக்காவின் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாப்பிள்ளை வீட்டில் விஷயத்தைச் சொல்ல அண்ணனுக்கு நாக்கு எழவில்லை. டைலரக்காவே போய்ச் சொன்னார். மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார்.

முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் டைலரக்கா தப்பாகவே தைத்தார். வாத்தியாரின் பேண்டில் ஒரு காலை அடியில் மூடியே தைத்துவிட்டார். அவர் கேட்டபோது வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. "இப்ப எனக்கேதான் சார் ஸ்ட்ரெஸ்" என்றார்.

ஐந்தாம் நாள் அண்ணன் மகள் கடைக்கு ஓடி வந்தாள். "அத்த, அவருக்கு இல்ல." டைலரக்கா பலகையிலிருந்து இறங்கி, துணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை அண்ணன் முதன்முறையாக வார்டுக்குள் வந்தார். இத்தனை வருடமும் வாசலில் இறக்கிவிட்டுப் போனவர், ஸ்டூலை இழுத்துப்போட்டுத் தங்கையின் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்தார். வேலைக்குப் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, காகிதத்தை நிரப்பிக்கொண்டே டைலரக்காவிடம் கேட்டாள்: "இது உங்க குடும்பத்துல யார் பக்கத்துலேருந்து வந்துச்சுக்கா?"

டைலரக்கா வாயைத் திறப்பதற்குள், வகுப்பில் வருகைப்பதிவுக்குப் பெயர் கூப்பிட்டதுபோல, அண்ணன் மெல்லக் கையை உயர்த்தினார்.