எஸ்தர் அக்காவின் கீறல் விழாத ஹெல்மெட்

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சிரித்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் அக்காவின் மகன் ஜான் சொல்லிவிடுவான். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றான் போனில். "எங்கடா போச்சு, வாலாஜாபாத் சந்தைக்கா?" என்று கேட்டு, வாய் நிறைய நுரையோடு சிரித்தேன்.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் வேலைக்கு நடுவில் நான் டீ குடிக்கப் போயிருந்தபோது அக்கா போன் செய்தார். "சேகரு, கம்பம் சாஞ்சிடுச்சிபா, ஓடியா!" கண்ணாடி டம்ளரைக்கூட வைக்காமல் ஓடினேன். ஒரு கம்பமும் சாயவில்லை. அக்கா இடுப்பில் கைவைத்து என் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஹெல்மெட் எங்க? அவசரம்னா உனக்கு மண்டை இருக்கிறதே மறந்துடுது பாரு." அதிலிருந்து அக்கா பெயரில் வரும் எந்தப் போனையும் நான் நம்புவதில்லை. இதுவும் ஒரு பரீட்சை என்றுதான் நினைத்தேன். ஜான் அழுத பிறகுதான் வாயைக் கழுவினேன்.

அக்காவைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் தெரியும், எங்கள் இரண்டு பேர் வேலை என்னவென்று. முசரவாக்கத்திலிருந்து ஏனாத்தூர் வரை புதிதாகப் பிரித்த மனைகளில் வேலிக் கம்பமாக இரும்பு ஆங்கிளைக் கையாலேயே மண்ணில் அடித்து இறக்கி, முள்கம்பி கட்டுவது. பதினாலு வருஷம். நான் அடிப்பவன், அக்கா பிடிப்பவர்.

அதனால்தான் இந்த அஞ்சலியை எழுத வேண்டியிருக்கிறது. முசரவாக்கத்தில் அக்கா வீட்டு வாசலில் பந்தலுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒரு பெரியவர், அக்காவுக்கு சித்தப்பா முறையாம், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் இரும்பு அடிக்கிறவனா?"

"ஆமாங்க."

"எஸ்தர் பாப்பாவுக்கு ஒரு வாரமா தலைவலியாமே."

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள், மனதுக்குள். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது அக்கா விழுந்திருக்கிறார். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் பதினாலு வருஷம் சம்மட்டிக்குக் கீழே நின்ற பெண்பிள்ளைக்கு மாரடைப்பு என்றால் யார் நம்புவார்கள்? அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஜான் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மாமா, கோச்சிக்காத. போன வாரம் சைட்ல எதுனா ஆச்சா? இருந்தா சொல்லிடு."

ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆயுசு பூரா எதையும் கேலியாகவே பேசியவன் நான். நான் உண்மை சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று யாருக்குமே தெரியாது. அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அக்கா முதல் நாளே என்னைச் சந்தேகப்பட்டவர். அப்போது சம்மட்டிதான். ஒருவர் ஆங்கிளைக் கையால் பிடித்து நிற்க, இன்னொருவர் தலைக்கு மேலே ஓங்கி அடிக்க வேண்டும். எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்வார்கள். அக்கா என்னைப் பார்த்தார். "சும்மா இளிச்சிக்கினே இருக்கிற. இளிக்கிறவன் கையில சம்மட்டி இருந்தா நான் கிட்ட வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய், ஆள் உயர மூங்கில் இரண்டை வெட்டி, ஒரு முனையில் கட்டி, இடுக்கி மாதிரி செய்துகொண்டு வந்தார். எட்ட நின்று அதால் கம்பத்தைப் பிடித்தார்.

"இன்னாக்கா, பணியாரம் எடுக்கப் போறியா?" என்றேன்.

"அடி. பேசாத."

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஓங்கும்போது சம்மட்டியின் தலை காம்பிலிருந்து கழன்று பறந்தது. மற்றவர்கள் நின்று பிடிக்கும் இடத்தில், மற்றவர்கள் தலை இருக்கும் உயரத்தில் போய், வரப்பில் குத்தி நின்றது. அக்கா அதை நிதானமாகப் பார்த்தார். "என்னைத் தேடிக்கினு போயிருக்குது" என்றார். அதன் பிறகு தினமும் காலையில் சம்மட்டியை ஆட்டிப் பார்க்காமல் என் கையில் கொடுத்ததில்லை.

பிறகு நான் ஒரு குழாய் செய்து வந்தேன். கனமான இரும்புக் குழாய், ஒரு பக்கம் மூடி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துப் பற்றவைத்தது. கம்பத்தின் மேல் தொப்பி மாதிரி கவிழ்த்து, தூக்கித் தூக்கிப் போட்டால் கம்பம் இறங்கும். சம்மட்டியே வேண்டாம். கல்யாணப் பெண்ணைக் கூட்டி வருவது மாதிரி அதை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். அக்கா ஒரு கண்ணை மூடி அதற்குள் பார்த்தார். பற்றவைத்த இடத்தைக் கல்லால் தட்டிக் கேட்டார்.

"வேகத்துல ரொம்பத் தூக்கிட்டா?"

"தூக்கிட்டா இன்னா?"

"வாய் கழண்டு வெளியே வரும். வந்தா எங்க இறங்கும்? உன் மண்டையில."

மறுநாள் நெசவுக்காரர் வீட்டிலிருந்து தறிக்குக் கட்டும் கயிறு கொஞ்சம் வாங்கி வந்தார். ஒரு முனையைக் குழாயின் கைப்பிடியில் முடிந்தார். மறுமுனையில் ஒரு கொக்கி. கம்பி கோர்ப்பதற்கு ஆங்கிளில் துளை இருக்குமே, அதில் மாட்டிவிட வேண்டும். குழாயின் வாய் கம்பத்தை விட்டு வெளியே வர ஒரு சாண் இருக்கும்போதே கயிறு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கம்பத்துக்கும் மாட்டு, கழற்று. ஆட்டுக்குட்டியை மேய்க்கிற மாதிரி இருக்கிறது என்று அவரை நான் ஓட்டாத நாளில்லை. "தலைக்கு மேல இருக்கிறது எதுவும் நம்ம சொந்தக்காரன் இல்லப்பா" என்பார் அக்கா. அவர் நிறையப் பேசமாட்டார். இதை மட்டும் தினமும் பேசுவார்.

ஹெல்மெட்டும் அவர் கொண்டுவந்ததுதான். வண்டி ஓட்டத் தெரியாத மனுஷி, பஸ்ஸில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருவார். கண்டக்டரே எழுந்து வழிவிடுவார். ஏனாத்தூர் பக்கம் ஒரு மனையில் இரண்டு பேரும் முகம் மூடிய ஹெல்மெட்டோடு வேலை செய்தபோது, செயின் அறுக்கிறவர்கள் என்று ஊர் திரண்டு வந்துவிட்டது. நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டேன். அக்கா கழற்றவே இல்லை. உள்ளிருந்தே பேசினார். "நாங்க திருடங்கன்னா, இரும்பைக் கொண்டாந்து உங்க ஊர்ல ஏம்மா நட்டுட்டுப் போறோம்?"

இனி ஜானிடம் சொன்னதைச் சொல்கிறேன். அவன் கேள்வி கேட்டு நின்றபோது என் கையில் என் ஹெல்மெட் இருந்தது. அதில் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பள்ளம் உண்டு. "இது எப்படி வந்துச்சு தெரியுமா?" என்றேன்.

அன்று அக்கா சாப்பாட்டுக்குப் போயிருந்தார். எட்டுக் கம்பம் மிச்சம். கொக்கி மாட்டும் நேரத்தில் இரண்டு கம்பம் அதிகம் இறக்கலாமே என்று கயிற்றைக் கழற்றிப் போட்டேன். மூன்றாவது கம்பத்தில் குழாய் வெளியே வந்தது. சாய்ந்தது. இறங்கியது. ஹெல்மெட் இல்லாவிட்டால் இந்த அஞ்சலியை அக்கா எனக்கு எழுதியிருக்க வேண்டும். அவருக்கு எழுத வராது, அதனால் அதுவும் கிடைத்திருக்காது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்ததும் முதல் வேலையாகக் கயிற்றை மாட்டினேன். வண்டியிலிருந்து ஹெல்மெட் விழுந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன்.

அக்கா பள்ளத்தை விரலால் தடவினார். "வண்டியில இருந்து விழுந்தா சிராய்க்கும். இது பிறை மாதிரி இருக்குது." குழாயைத் தூக்கி அதன் வாயை அந்தப் பள்ளத்தில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு கம்பத்திலும் நான் தூக்குவதற்கு முன்னால் அவர் விரல் கயிற்றைத் தொட்டுப் பார்க்கும். கடைசி நாள் வரைக்கும் தொட்டார். என்னை அவர் மறுபடி நம்பவே இல்லை. அதனால்தான் நான் இருக்கிறேன்.

"இதுவரைக்கும் இதை யார்கிட்டயும் சொன்னதில்லடா" என்றேன். "உங்கம்மா ஹெல்மெட்டை எடுத்துக்கினு வா."

ஜான் உள்ளே போய்க் கொண்டுவந்தான். இரண்டு பேரும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பதினாலு வருஷத்தில் ஒரு பள்ளம் இல்லை, ஒரு கீறல் இல்லை. ஜான் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவல மாமா" என்றான். இந்தத் தடவை அது கேள்வியாக இல்லை. தலைவலி ஏன் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கீறல்கூட இல்லியே, போட்டுக்கினாளா இல்லையா?" என்றார். அக்காவின் சித்தப்பாதான், சந்தேகமே இல்லை.

கல்லறையிலிருந்து திரும்பியதும் ஜான் அந்த ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தான். கயிறு ஏற்கெனவே என்னிடம்தான் இருக்கிறது. இப்போது வேலைக்குப் போகும்போது கொக்கியை மாட்டிவிட்டு, அவருக்குப் பதிலாக நானே ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன். என்னையே நம்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டதுதான் அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது.

ஹெல்மெட்டை மரியாதையான இடத்தில் வைக்க வேண்டும் என்று பீரோவின் மேல் வைத்தேன். மறுநாள் காலை சட்டை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். கதவு கொஞ்சம் இறுக்கம். ஹெல்மெட் விழுந்தது. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. வீட்டில் ஐஸ் வைத்தார்கள். ஹெல்மெட்டில் கீறல் எதுவும் விழவில்லை.