மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

போன புதன்கிழமை எங்கள் ஸ்டோருக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. போல்ட்டு, நட்டாக இருக்கும் என்று பிரித்தால் உள்ளே நாலு பச்சைத் தலைப்பாகை, நாலு பிளாஸ்டிக் அரிவாள், முறுக்கிவிட்ட நாலு ஒட்டு மீசை. பின்னாலேயே எச்.ஆர். பொண்ணு வந்து நின்றது.

"சார், வெள்ளிக்கிழமை ரீல்ஸ் எடுக்கறோம். நீங்கதான் விவசாயி. உங்க முகத்துக்கு மேக்கப்பே வேண்டாம்."

பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன். நான் கல்லாவிக்காரன். பொண்ணு சொன்னதில் தப்பில்லை. ஆனால் கல்லாவியில் என் அப்பா இன்றைக்கும் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டும்போது போட்டிருப்பது என்னுடைய பழைய கம்பெனி டீ-சர்ட். முதுகில் 'தரமே எங்கள் மூச்சு' என்று எழுதியிருக்கும். விவசாயி கம்பெனி உடுப்பில் நிற்கிறார். கம்பெனிக்காரன் விவசாயி வேஷம் கட்ட வேண்டுமாம்.

தலைப்பாகையை மூக்குக்குக் கொண்டுபோனேன். பாச்சை உருண்டை நெடி. அவ்வளவுதான், புதன்கிழமை மதியம் ஸ்டோரில் நான் இல்லை.

இந்த நெடிக்கும் எனக்கும் பழைய பகை. ஒரு காலத்தில் நான் ராஜா. சிரிக்காதீர்கள். ஒரே ஒரு நாள், அதுவும் காலை ஷிஃப்ட் மட்டும்.

ஐ.டி.ஐ. முடித்ததும் ஓசூரில் முதல் வேலை, வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில். ஹெட்லைட்டிலிருந்து ஹாரன்வரை ஓடும் ஒயர்களையெல்லாம் ஒரே பின்னலாகச் சேர்க்கிற வேலை. பலகைகள் கன்வேயரில் நகர்ந்து வரும். வரிசையாக நிற்கும் பெண்கள் ஆளுக்கு நாலு ஒயர் செருகி டேப் சுற்றி அனுப்புவார்கள். அறுபது பெண்கள், பெட்டி தூக்க என்னைப்போல ஏழெட்டுப் பேர். என் கைவேகத்தைப் பார்த்த சூப்பர்வைசர் என்னை ஒயர் பக்கமே அண்டவிடவில்லை. அந்தக் கறுப்பு டேப்பின் வாசனை கையைவிட்டுப் போகவே போகாது, தயிர்ச்சோறுகூட டேப் ருசியில்தான் இருக்கும். கேன்டீனில் ரசத்தைத் திட்டத் தமிழ், அடுத்த டேபிளைத் திட்டக் கன்னடம், யாருக்கும் புரியக்கூடாத விஷயத்துக்குத் தெலுங்கு. எல்லாருக்கும் எல்லாம் புரியும் என்பது வேறு விஷயம்.

நாங்கள் எல்லாருமே டிரெயினி. பயிற்சி முடிந்ததும் பர்மனென்ட் லிஸ்ட் போடுவார்கள். அதில் பெயர் வந்தால் ஓசூர், வராவிட்டால் ஊர். எங்கள் பேச்சு, சண்டை, வேண்டுதல் எல்லாம் அந்த ஒரு தாளைப் பற்றித்தான்.

அப்போதுதான் நாகவேணியின் துப்பட்டா கன்வேயர் செயினில் மாட்டியது. எல்லையோரத்துப் பொண்ணு, எனக்கு நேர் எதிரே நிற்பாள். முனை உள்ளே போனது; அடுத்த நொடி கழுத்து பலகைமேல். நான் பெட்டியைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றேன். பாய்ந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தது ஸ்டெல்லா அக்கா. காவேரிப்பட்டினத்துக்காரர், லைனின் முதல் ஆள். சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஆனால் அவர் பேசினால் மெஷினே கேட்கும் என்போம். நாகவேணி பிழைத்தாள். கழுத்தில் சிவப்புக் கோடு ஒரு மாதம் இருந்தது.

அடுத்த வாரம் தரையில் இன்னொரு கோடு வந்தது. மஞ்சள் பெயின்ட்டில், லைனைச் சுற்றி. பக்கத்திலேயே அறிவிப்புப் பலகை: சேலை, துப்பட்டா, பூ, வளையல் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சேலைமேல் சிவப்புக் குறுக்குக்கோடு போட்ட படமும் உண்டு. கீழே எச்.ஆர். மேனேஜர் முரளி சாரின் கையெழுத்து, வளைத்து வளைத்து, கோலம் மாதிரி.

அதே முரளி சார் மூன்று மாதம் கழித்துக் கேன்டீனில் மைக் பிடித்தார். வெளிநாட்டு கஸ்டமர்கள் வருகிறார்கள், நம் கலாசாரத்தைக் காட்ட வேண்டும், பெண்கள் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, ஆண்கள் வேட்டி. "வாசல்ல வரவேற்க ஒரு ராஜா" என்று சொல்லிக் கூட்டத்தில் தேடி என்னைக் காட்டினார். என்னிடம் இருந்த ஒரே ராஜ லட்சணம் உயரம்.

ஸ்டெல்லா அக்கா கையைத் தூக்கினார். "அன்னிக்கு கன்வேயர் ஓடுங்களா சார்?"

"ஓடாம? அதப் பாக்கத்தானேம்மா வர்றாங்க."

"அப்ப வாசல்ல சேலையோட நிக்கறோம். லைனுக்கு யூனிஃபார்ம் மாத்திட்டு வந்துடறோம்."

"போட்டோ லைன்லதாம்மா." சிரித்துக்கொண்டே சொன்னார்: "பர்மனென்ட் லிஸ்ட்டு இன்னும் என் டேபிள்லதான் இருக்குது."

மைக்கில் சொன்னதால் அது எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது. பக்கத்தில் நாகவேணி கழுத்தைத் தடவிக்கொண்டே "பேடா அண்ணா, பேடா" என்றாள். அவளுக்குப் பயம் வந்தால் வேண்டாம் என்பது கன்னடத்தில்தான் வரும்.

உடுப்பு கொடுங்கள், போட்டுக்கொள்கிறேன். அது வேலைக்கானது, என் தோலைக் காப்பாற்றுவது. வேஷம் யாருக்காக? இதை அன்றைக்கே எழுந்து கேட்டிருந்தால் நான் வீரன். இப்போது, இத்தனை வருஷம் கழித்து, எழுத்தில் கேட்கிறேன்.

அந்த நாள் வந்தது. வாடகைக்கு எடுத்த ஜிகினா அங்கி, அட்டைக் கிரீடம், பாச்சை உருண்டை நெடி, எனக்கு முன்னால் அதைப் போட்டிருந்த பத்து ராஜாக்களின் வியர்வை. மீசைப் பசை உதட்டில் எரிந்தது. விருந்தினர் நாலு பேருக்கும் மாலை போட்டேன். குனிந்தபோது கிரீடம் ஓர் அம்மாவின் காலில் விழுந்தது. அதையும் நம் கலாசாரம் என்று நினைத்துக் கைகூப்பினார்.

ஊர்வலமாக உள்ளே போனோம். முன்னால் வாளோடு நான், பின்னால் முரளி சார். கன்வேயர் ஓடிக்கொண்டிருந்தது. பலகைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, ஒரு ஒயர்கூட இல்லாமல். அறுபது பெண்களும் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, வரிசை பிசகாமல் நின்றார்கள். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

"என்னம்மா இது? உள்ள போங்க!"

ஸ்டெல்லா அக்கா அறிவிப்புப் பலகையைக் காட்டினார். "சேலை கட்டச் சொன்னீங்க, கட்டிட்டோம். சேலையோட கோட்டைத் தாண்டக் கூடாதுன்னீங்க, தாண்டல. ரெண்டும் நீங்க சொன்னதுதான் சார்."

முரளி சார் என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்தபடி, "டேய் ராஜா, நீ போய் நில்லுடா முன்னாடி" என்றார்.

போயிருக்கலாம். லிஸ்ட்டு அவர் மேஜைமேல் இருந்தது. ஆனால் நாகவேணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கி தரையக் கூட்டுது சார்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். பாதி மீசை அப்போதே தொங்கிவிட்டிருந்தது.

கிரீடம் காலில் விழுந்த அந்த அம்மா அறிவிப்புப் பலகையிலிருந்த படத்தைப் பார்த்தார், காலிப் பலகைகளைப் பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதினார். அதைப் பார்த்து முரளி சாருக்கு வியர்த்துக்கொட்டியது. "சரி, போய் மாத்திட்டு வாங்க. சீக்கிரம்!"

அறுபது பேரும் ஓடிப்போய் யூனிஃபார்மில் வந்தார்கள். பூவையும் வளையலையும் எங்கே வைப்பது? நாகவேணி என் தலையிலிருந்த கிரீடத்தை எடுத்து, மல்லாத்தி என் கையில் கொடுத்து, தன் பூச்சரத்தை அதில் வைத்தாள். பின்னாலேயே மற்ற எல்லாருடைய சரமும். எனக்கு மாற்றுடுப்பு ஹாஸ்டலில் இருந்தது. ஷிஃப்ட் முடியும்வரை கோட்டுக்கு இந்தப் பக்கமே, மல்லிகை நிரம்பிய கிரீடத்தை ஏந்திக்கொண்டு நின்றேன். அரசாங்கம் நடத்தியவர்கள்கூட இவ்வளவு பொறுப்பாக நின்றிருக்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். இரண்டு பெயர் இல்லை. ஸ்டெல்லா, அப்புறம் நான். பெல் அடித்தது. ஐம்பத்தொன்பது பெண்கள் யூனிஃபார்மோடு கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள்.

"இன்னிக்கு என்னடி? அதான் சேலை இல்லயே!" என்று கத்தினார் முரளி சார்.

நாகவேணிதான் பேசினாள், இந்த முறை தமிழில். "ஒரு பேரு கொறயுது சார்."

மத்தியானத்துக்குள் லிஸ்ட்டின் அடியில் பேனாவால் 'ஸ்டெல்லா' என்று எழுதப்பட்டது, அதே கோலக் கையெழுத்தோடு. என் பெயருக்காக யாரும் நிற்கவில்லை. ராஜாவுக்கு என்ன குறை என்று நினைத்திருப்பார்கள். ஊருக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஏனோ சிரிப்பு அடங்கவேயில்லை.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அந்த ஷெட்டில் பார்சல் குடோன். சரக்கு விஷயமாகப் போனபோது தரையைத் தேடினேன். மஞ்சள் கோட்டின்மேல் லாரி டயர் ஏறி ஏறி, தூண் ஓரமாக ஒரு சாண் மட்டும் மிச்சம். ஸ்டெல்லா அக்கா எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான் இருக்கும் கம்பெனியிலும் மஞ்சள் கோடுகள் உண்டு, தினம் துடைத்துப் பளபளவென்று. ஆட்கள்தான் ஏழு ஏஜென்சியிலிருந்து வருகிறார்கள். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரிவதற்குள் ஆள் மாறிவிடுகிறது.

வெள்ளிக்கிழமை கேமரா வந்தது. எச்.ஆர். பொண்ணு, "சார், வேஷம் எங்க?" என்றது.

'தரமே எங்கள் மூச்சு' டீ-சர்ட்டில் நின்றிருந்தேன். முந்தின நாளே அப்பாவிடமிருந்து வாங்கிவந்துவிட்டேன், முழங்கைச் சேற்றோடு. "எங்க ஊரு விவசாயி இப்படித்தாம்மா இருப்பாரு. வேணும்னா எடு. தலைப்பாகை கட்டமாட்டேன்."

முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டது. மேலிடத்தில் சொல்லும். சொல்லட்டும். மற்ற மூன்று விவசாயிகளும் மீசையை ஒட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்தார்கள்.

என் பங்குத் தலைப்பாகையை மல்லாத்தி மேஜைமேல் வைத்தேன். சாயங்காலம்வரை அப்படியே கிடந்தது, காலியாக.